ஒரு பொருளாதார அமைப்பு வெற்றி பெற்றதா என்பதை எதைக் கொண்டு சொல்வது?

கேள்வி: தேவகோட்டை வாத்தியார்

வணக்கம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்குப் பொருளியல் நடத்துகிறேன். ஆவணியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பந்தி முடிந்து முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் மூண்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், ஒரு நாட்டின் பொருளாதார அமைப்பு தேறியதா என்று அறியத் தலைக்கு வருமானம் எவ்வளவு, அது ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வளர்கிறது என்ற இரண்டு எண்கள் போதும் என்றான். அதற்கு ஒரு பெரியவர் தாம் சாய்ந்திருந்த தூணைத் தட்டிக் காட்டி, "இந்தத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, எந்த முறை இதைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியதோ அதுதான் வெற்றி பெற்ற முறை, இதற்கு மேல் கணக்கு எதற்கு?" என்றார். கல்யாணம் காட்சி இல்லாத நாட்களில் அந்த வீட்டில் இருப்பவர் காவல்காரர் ஒருவர் மட்டுமே என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும்.

வீடு திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தி, தலைக்கு வருமானம், மனித மேம்பாட்டுக் குறியீடு, வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி கெழு என்று பாடத்தில் எல்லாம் வரிசையாக வருகின்றன. ஆனால் இவற்றுள் ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் எதை நம்புவது என்று ஒரு மாணவி கேட்டபோது எனக்கு நேரான பதில் சொல்லத் தெரியவில்லை. எந்த ஆண்டில் நின்று பார்ப்பது என்பதிலும் எனக்குக் குழப்பம் இருக்கிறது. 1925இல் நின்று பார்த்தால் செட்டிநாட்டு வெற்றிக்கு ஈடு சொல்ல அதிகம் இல்லை. 1945இல் பார்த்தால் அதே ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் வழி இல்லை. கட்சிப் பேச்சை விட்டுவிட்டு, கூடிய வரை நம் பக்கத்து உதாரணங்களைக் கொண்டே விளக்கினால் வகுப்பில் சொல்ல உதவியாக இருக்கும்.

பதில்: பள்ளத்தூர் பேரேடு

வாத்தியாருக்கு வணக்கம். வங்கியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஐயா பர்மாவில் நகரத்தார் வட்டிக்கடை ஒன்றில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்தவர். அவர் கைப்பட எழுதிய பேரேடு ஒன்று இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆகையால் எனக்குத் தெரிந்த கணக்கு வழியாகவே சொல்கிறேன்.

உங்கள் தம்பி சொல்லும் உற்பத்தி எண், ஓராண்டில் எவ்வளவு ஓடியது என்பதைச் சொல்லும். கடைசியில் கையில் என்ன நின்றது என்பதைச் சொல்வது ஐந்தொகை, அது வேறு ஏடு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுத் தூண்களும் நிலைகளும் விற்பனைக்குச் சாத்தி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டைப் பிரிக்கும்போது ஆட்களின் கூலி, லாரி வாடகை, தரகரின் கமிஷன், கடைக்காரரின் லாபம் ஆகிய அனைத்தும் அந்த ஆண்டின் உற்பத்தியில் சேர்ந்துவிடும். நூறாண்டு நின்ற ஒரு வளவு வீடு ஊரிலிருந்து மறைந்ததை அந்த எண் எங்கும் கழிக்காது. அமெரிக்காவுக்கு இந்தக் கணக்கை வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே, 1934இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், ஒரு தேசத்தின் வருமான அளவைக் கொண்டு அதன் மக்களின் நலத்தை ஊகிப்பது அரிது என்று எழுதிவிட்டார். அளவுகோலை எடுத்துக்கொண்டவர்கள் அதனோடு வந்த எச்சரிக்கையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பர்மாக் கடைகளில் கடையை நடத்தும் மேலாளின் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. புதிய மேலாள் கப்பலை விட்டு இறங்கியதும் பழையவரிடமிருந்து கடையை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது மூன்றாண்டு லாபத்தைப் பற்றிய கேள்வி கடைசியாகத்தான் வரும் என்று ஐயா சொல்வார். கடன்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, இவன் வட்டியை அறுவடைப் பணத்திலிருந்து கட்டுகிறானா, வேறோர் இடத்தில் கைமாற்று வாங்கிக் கட்டுகிறானா என்று விசாரிப்பார்களாம். இரண்டு கடைகளிலும் லாபம் ஒன்றாகவே தெரியும். எது நிற்கும், எது சாயும் என்பது அந்த விசாரிப்பில்தான் பிடிபடும். ஒரு பொருளாதார அமைப்பையும் நான் அப்படித்தான் ஒப்புக்கொள்வேன்.

அந்த விசாரிப்பைப் பர்மாவின் மேலேயே நடத்திப் பாருங்கள். 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது 10 லட்சம் ஏக்கருக்குள் இருந்த நெல் சாகுபடி, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பியச் சந்தை பக்கத்தில் வந்த பிறகு வேகம் பிடித்து, 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. சதுப்பைத் திருத்தி வயலாக்கிய விவசாயிக்கு விதைக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் முன்பணம் கொடுக்க வெள்ளைக்கார வங்கிகள் முன்வரவில்லை, கொடுத்தவர்கள் நம்மவர்கள். 1929-30இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே நகரத்தார் கடைகளில் புழங்கிய பணத்தை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. வளர்ச்சி எண்ணைக் கொண்டு அளந்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

பிறகு உலகப் பெருமந்தத்தில் நெல் விலை பாதியாகச் சரிந்தது. அசல் இருக்கட்டும், வட்டியைக்கூட விவசாயியால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடைகளின் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. வெளியே நின்றவர்கள் இதைச் சொத்துக் குவிப்பு என்று படித்தார்கள். பேரேடு படிக்கத் தெரிந்தவனுக்கு அது வாங்க ஆளில்லாத நிலமாக உரு மாறிய வராக்கடன். நிலத்தை இழந்தவனுக்கோ அது தலைமுறைச் சோறு. கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருசேர மூழ்கிய ஓர் ஏற்பாட்டை, அதன் நல்ல ஆண்டில் எழுந்த வீட்டை மட்டும் பார்த்து வெற்றி என்று எழுதுவது, பற்றை விட்டுவிட்டு வரவை மட்டும் கூட்டுவதாகும். பெரியவர் தட்டிக் காட்டிய தூண் நல்ல தூண்தான். அது வரவுப் பக்கத்தில் உள்ள ஒரு பதிவு.

சராசரியைப் பற்றியும் ஒன்று. நம் ஒன்பது நகரக் கோவில்களில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்த புள்ளி வரியோடு, சொத்துக்கு ஏற்ப வாங்கும் ஆஸ்தி வரியும் வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரு புள்ளிதான் என்றாலும் எல்லாப் புள்ளியும் ஒரே கனம் அன்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தலைக்கு வருமானம் என்பது புள்ளி வரி மட்டும் எழுதி முடித்த ஏடு. அந்த ஏட்டில் யாரைப் புள்ளியாகச் சேர்த்தோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி: கல்யாண வீட்டுத் திண்ணையில் நடந்த கணக்கில் ஐராவதி டெல்டாவின் விவசாயி ஒரு புள்ளியாக வந்தாரா?

பதில்: ஆத்தங்குடிப் பட்டறை

மேலே எழுதியவர் பெரிய கணக்கு எழுதிவிட்டார். எங்கள் கணக்கு சிறியது. எங்களுடையது நான்கு பேர் வேலை செய்யும், தரையில் பதிக்கும் பூக்கல் பட்டறை. கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தையும் அச்சையும் வைத்து, சிமெண்டில் குழைத்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அசையாமல் எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் பூசி மட்டம் செய்ய வேண்டும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து வெயிலில் காட்டினால் கண்ணாடி தானே விட்டுக் கொடுக்கும். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது, சூளை கிடையாது. அச்சை எடுக்கும்போது கை நடுங்கினால் அந்தக் கல் போயிற்று.

பெரிய வீடுகள் பலவற்றில் தரையெல்லாம் எங்கள் ஊர்க் கல். ஆகையால் செட்டிநாட்டு வெற்றியில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பங்கு எவ்வளவு என்று கேட்டால், கூலி என்பதற்கு மேல் எங்கள் தாத்தா எதையும் சொன்னதில்லை. என் அப்பாவுக்கு இருதய சிகிச்சை செய்தபோது நாங்கள் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கி, அதைத் தீர்க்க ஆறு ஆண்டுகள் ஆயின. சென்ற ஆண்டு என் அண்ணனுக்கு அதே சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தது. கையிலிருந்து போனது பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான். இரண்டு காலத்திலும் பட்டறை வருமானம் விலைவாசியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒன்றுதான். வருமான எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எங்கள் வீட்டில் ஒன்றுமே மாறவில்லை.

எனவே வாத்தியார் என்னைக் கேட்டால், ஒரு குடும்பம் கடன் வாங்காமல் எத்தனை நாள் வேலை இல்லாமல் தாக்குப்பிடிக்கும் என்று எண்ணச் சொல்வேன். அதோடு, பிள்ளை இந்தத் தொழிலை விட வேண்டும் என்று நினைத்தால் விட முடிகிறதா, விரும்பி இருந்தால் இருக்க முடிகிறதா என்றும் பார்க்கச் சொல்வேன். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வரும் பீங்கான் கல் எங்கள் கல்லைவிட மலிவு. வாங்குகிறவருக்கு அது நன்மை என்பதை நான் மறுக்க மாட்டேன். எங்கள் இடத்தில் நின்றும் ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பதில்: கண்டனூர்ப் பேத்தி

பேரேட்டு அண்ணன் எழுதியதோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் அவருடைய பேரேட்டில் ஒரு பக்கமே இல்லை. எங்கள் ஆயாவின் கணவர், அதாவது எங்கள் ஐயா, கொண்டுவிக்க, அதாவது தொழிலுக்காக வெளிநாடு, போனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். இடையில் குத்தகை நெல்லை அளந்து வாங்கியது, மூன்று பிள்ளைகளை வளர்த்தது, மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தது, ஊருணியிலிருந்து குடிதண்ணீருக்கு ஏற்பாடு செய்தது, மாப்பிள்ளை வீட்டுச் சீர்முறைகளைத் தவறாமல் செய்தது எல்லாம் ஆயாதான். அந்த உழைப்பு இல்லாவிட்டால் ஒரு மேலாளும் கப்பல் ஏறியிருக்க முடியாது; எந்தக் கடையின் ஐந்தொகையிலும் அதற்கு ஒரு வரி கிடையாது. ஆச்சிமார் பணம் என்று வைப்பாகப் போட்ட சீர்ப்பணத்துக்கு மட்டும் வட்டி எழுதினார்கள்.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2019இல் இந்தியா முழுவதும் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரிந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம். வீட்டில் சமைக்கும் பெண் நாளைக்கு ஒரு மெஸ்ஸில் அதே சமையலுக்குச் சம்பளம் வாங்கினால் நாட்டின் உற்பத்தி உயரும். சோறு அதே சோறுதான்.

மாணவி கேட்ட கேள்விக்கு, அதாவது எண்கள் முரண்பட்டால் எதை நம்புவது என்பதற்கு, நான் குழந்தை இறப்பு விகிதத்தை முதலில் பார்ப்பேன். அதற்குக் காரணம் உண்டு. ஒரு பெரும் பணக்காரரின் வருமானம் ஆயிரம் பேரின் சராசரியை உயர்த்திக் காட்டிவிடும்; ஆனால் அவருடைய குழந்தை மற்றவர் குழந்தைக்கும் சேர்த்துப் பிழைக்க முடியாது. ஆகவே இந்த எண் இறங்க வேண்டுமானால் கடைக்கோடி வீடு வரை ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்: செவிலியர், குடிநீர், தடுப்பூசி, தாய்க்குச் சோறு. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையும் முன் இறப்பவை கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, குஜராத்தில் 23, இந்தியா முழுவதற்கும் 28. தமிழ்நாடும் குஜராத்தும் தலைக்கு வருமானத்தில் அவ்வளவு தூரத்தில் இல்லை. 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவை விரிவாகத் தொடங்கியபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கியபோதும், உற்பத்திக் கணக்கு அவற்றைச் செலவாகத்தான் பார்த்தது. பலனைப் பார்க்க வேறு ஏட்டைத் திறக்க வேண்டும்.

1990இல் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், இன்னொரு பொருளியலாளரான அமர்த்தியா சென்னின் துணையோடு மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்ததற்கும் இதுதான் காரணம். ஆயுளையும் கல்வியையும் வருமானத்தையும் கலந்து ஒரே எண்ணாக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. கலந்த பிறகு எது குறைந்தது என்று தெரியாமல் போகிறது. மாணவர்களுக்கு மூன்றையும் தனித்தனியே காட்டுங்கள்.

கேட்டவர்: தேவகோட்டை வாத்தியார்

மூவருக்கும் நன்றி. ஆனால் சிங்கப்பூர்த் தம்பியின் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும், நானே பேசுகிறேன். 1945இல் கொரியாவை இரண்டாக வெட்டியபோது இருபுறமும் ஒரே மொழி, ஒரே மக்கள். கனரகத் தொழிலும் மின்சாரமும் வடக்கில்தான் அதிகமாக இருந்தன. 1970களில் தெற்கு முந்திக்கொண்டது, இன்று ஒப்பிடவே இடமில்லை. அங்கே வளர்ச்சி எண்ணும் ஆயுளும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. உலையில் அரிசி இருந்தால்தானே பங்கைப் பற்றிப் பேச முடியும்?

இன்னொன்று. பேரேட்டு ஐயா சொல்வதுபோல் கெட்ட ஆண்டில் நிற்பதை அளவுகோலாக வைத்தால் எந்த அமைப்பும் தேறாது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் காட்டு வழியில் வந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. இவற்றுக்கெல்லாம் கடைகள் பொறுப்பா?

பதில்: பள்ளத்தூர் பேரேடு

கொரிய உதாரணம் நல்ல உதாரணம், வகுப்பில் சொல்லுங்கள். ஒரே இடத்தில் தொடங்கியவர்களை ஒப்பிட்டால்தான் ஒப்பீடு. வளர்ச்சியை நான் மட்டம் தட்டவில்லை. வரவு இல்லாமல் ஐந்தொகை ஏது?

1942க்கு யாரும் பொறுப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் 1930ஐயும் 1942ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். 1942 வெளியிலிருந்து விழுந்த அடி. 1930இல் விழுந்தது விலை மட்டும். ஒரே பயிரையும் ஒரே ஈட்டையும் நம்பி, விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற எண்ணத்தில் கட்டிய ஏற்பாடு தன் கனத்தாலேயே உட்கார்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பர்மாவின் தராவடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்ததும் அந்தச் சூழலில்தான். நம்மவர்களிலும் சிலர் பாடம் படித்தார்கள். 1937 பிப்ரவரியில் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஒரே நாளில் சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று இடங்களிலும் திறந்தது, பணத்தை வேறு வழியில் ஓட்ட வேண்டும் என்று உணர்ந்ததால்தான் என்பது என் எண்ணம். நான் வங்கிக்காரன், அப்படித்தான் நினைப்பேன்.

வெளி அடி விழும்போதும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பர்மா கைவிட்டுப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி வங்காளத்துக்கு நின்றது. 1943 பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தார்கள். ஆனால் அரிசி அடியோடு இல்லாமல் போனதால் அவர்கள் சாகவில்லை, போர்க்கால விலை ஏற்றத்தில் கூலிக்காரரும் மீனவரும் அதை வாங்கும் சக்தியை இழந்ததால் செத்தார்கள் என்று அமர்த்தியா சென் வாதிட்டார். அடி ஒன்றுதான், கல்கத்தாவில் ஆலைத் தொழிலாளிக்கு மானிய அரிசி கிடைத்தது, கிராமத்தில் கிடைக்கவில்லை. அடியை யார் தலையில் இறக்கி வைத்தார்கள் என்பது அந்த அமைப்பின் ஐந்தொகை.

பேத்தி சொன்ன குழந்தை இறப்பு எண்ணுக்கு ஒரு சாட்சி: சோவியத் ஒன்றியத்தில் உற்பத்தி எண்கள் உயர்ந்துகொண்டிருந்த 1970களில் அந்த விகிதம் ஏறத் தொடங்கியது, சில ஆண்டுகளில் அரசு அதை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. ஒப்புக்கொள்ள வரும் மேலாளிடம் ஒரு ஏட்டை மட்டும் மறைக்கும் கடையை எங்கள் ஐயா என்றால் அன்றே பூட்டச் சொல்லியிருப்பார்.

பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி. எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்று சொன்னீர்களே, உங்கள் வீட்டுக் கணக்கு எவ்வளவு?

பதில்: ஆத்தங்குடிப் பட்டறை

அப்பா காலத்தில் ஐப்பசி அடைமழை ஒரு வாரத்தைத் தாண்டினால் வட்டிக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். ஈரத்தில் கல் காயாது, கண்ணாடி விடாது, கூலி கிடையாது. சென்ற ஐப்பசியில் பதினெட்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. ரேஷன் அரிசியும், மகள் காரைக்குடியில் வேலைக்குப் போய்க் கொண்டுவந்த சம்பளமும் இருந்தன. கடன் வாங்கவில்லை. நான்கு பேரில் ஒருவர் வாங்கினார். அவருக்கு மகள் இல்லை.

கேட்டவர்: தேவகோட்டை வாத்தியார்

திங்கட்கிழமை வகுப்பில் உங்கள் பதினெட்டு நாளையும் அந்த நான்காம் ஆளையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் உற்பத்தி எண்ணை எழுதப் போகிறேன்.